பட்டுக்கடைக்குத் திரும்பிய முழங்கால்: ஒரு பிசியோதெரபி மையம் குறித்த மதிப்புரை

காஞ்சிபுரம் காந்தி சாலையில் உள்ள பட்டுச் சேலைக் கடை ஒன்றில் 22 ஆண்டுகளாக விற்பனையாளராகப் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 14 வாரங்கள் கழித்து மீண்டும் கடைப்படி ஏறினேன். அவற்றில் கடைசி எட்டு வாரங்கள் எங்கள் ஊரிலேயே உள்ள ஒரு சிறிய பிசியோதெரபி மையத்தில் கழிந்தன. இம்மதிப்புரை அம்மையத்தைப் பற்றியது. அதன் பெயரை நான் எழுதவில்லை. அதனை நடத்துபவர் ஒரே ஒரு பெண்மணி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் பார்ப்பதில்லை என்று வைத்திருக்கிறார். எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "பேரு மட்டும் போட்டுடாதீங்க சார், கூட்டம் சேர்ந்தா இப்ப வர்றவங்களையே ஒழுங்கா பாக்க முடியாது" என்று கேட்டுக்கொண்டார். விளம்பரம் வேண்டாம் என்று சொல்லும் ஒருவரை வியாபாரத் தெருவில் வாழ்கிற நான் அதுவரை கண்டதில்லை. பெயர் இல்லாவிட்டாலும், தம் ஊரில் எப்படிப்பட்ட மையத்தைத் தேட வேண்டும் என்பதற்கு இது உதவக்கூடும்.

என் வேலை எப்படிப்பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் இந்த மையத்துக்கும், நான் இதற்கு முன் சென்று ஏமாந்த மையத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. எங்கள் கடையில் கல்யாணப் பட்டு விற்பனை இன்றும் பழைய முறைப்படி மெத்தையில்தான் நடக்கிறது. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் நாங்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்போம். எதிரே பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் உள்ள அலமாரியிலிருந்து சேலை எடுக்க எழுந்து, எடுத்து வந்து, ஒரு முழங்காலை ஊன்றியபடி முந்தியை வீசி விரித்து, கரையும் உடலும் சேருகிற கோர்வையைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்து, முகம் சுளித்தால் அதனை மடிக்காமலே ஓரமாகத் தள்ளிவிட்டு, அடுத்த சேலைக்கு மறுபடி எழ வேண்டும். முகூர்த்தப் புடவை ஒன்று முடிவாவதற்குள் அறுபது எழுபது சேலைகள் மெத்தையில் விரிந்து கிடக்கும். இந்த வேலையில் சுமை பெரிதன்று. தரையிலிருந்து எழுவதும், ஊன்றிய காலின்மேல் உடம்பைத் திருப்புவதும்தான் இதில் கடினம்; இரண்டுக்கும் விலை கொடுப்பது முழங்கால்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் சென்ற ஞாயிற்றுக்கிழமை, உறவினர் வீட்டுக்குச் சென்று திரும்புகையில், சாலையில் கொட்டியிருந்த மணலில் இருசக்கர வாகனம் சறுக்கியது. விழாமல் தாங்குவதற்காகக் காலை ஊன்றினேன். பாதம் நின்ற இடத்தில் நின்றது. உடம்பும் வண்டியும் திரும்பின. முழங்காலுக்குள் எதுவோ "டப்" என்று அறுந்த ஓசை எனக்கே கேட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், முழங்காலை நிலைகுலையாமல் பிடித்திருக்கும் முன் சிலுவைத் தசைநார் முற்றிலும் அறுந்திருப்பதும், மெனிஸ்கஸ் எனப்படும் குருத்தெலும்பு வட்டின் உட்பக்கம் கிழிந்திருப்பதும் தெரியவந்தன. வீக்கம் வடியட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்து, மே மாத நடுவில் சென்னையில், சிறு துளைகள் வழியே கருவியைச் செலுத்திச் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி முறையில் அறுவை சிகிச்சை நடந்தது. தொடையின் பின்புறத் தசைநாரிலிருந்து ஓர் இழை எடுத்து அறுந்ததன் இடத்தில் பொருத்தினார்கள். மெனிஸ்கஸை வெட்டி எடுக்காமல் தைத்தார்கள். தைத்தது நல்லதுதான், வட்டு இருந்தால்தான் வயதான காலத்தில் மூட்டு தேயாமல் இருக்கும். ஆனால் தைத்த இடம் ஆறும்வரை கட்டுப்பாடுகள் அதிகம். முதல் ஆறு வாரம் வாக்கரின் துணையின்றிக் காலில் முழு எடையும் வைக்கக் கூடாது. 90 டிகிரிக்கு மேல் மடக்கவும் கூடாது.

அந்த முதல் வாரங்களைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. தொடையிலிருந்து கணுக்கால்வரை நீண்ட, பக்கவாட்டில் கீல் வைத்த பிரேஸ் ஒன்றை மாட்டியிருந்தார்கள். கீலில் உள்ள வட்டைத் திருகி எத்தனை டிகிரி மடங்கலாம் என்று பூட்டிவைக்கும் அமைப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் கத்திரி வெயிலில் தொடை வியர்த்து, பிரேஸ் மணிக்கொரு முறை கீழே வழுக்கிக் கீல் முழங்காலுக்கு நேராக நிற்காமல் போய்விடும்; கீல் நேராக இல்லாத பிரேஸ் வெறும் சுமை. மெல்லிய பருத்தித் துணியை ஒரு சுற்றுச் சுற்றி அதன்மேல் மாட்டியபோதுதான் நிலைத்தது. அத்தனை வாரமும் வேட்டி கைகொடுத்தது. ஐஸ் வைப்பதற்குத் தனிப் பை எதுவும் வாங்கவில்லை; பால் உறைகளைக் கழுவித் தண்ணீர் நிரப்பி உறையவைத்து, துண்டில் சுற்றி என் மனைவி மாற்றி மாற்றி வைத்தார். வரதராஜப் பெருமாள் கருட சேவை அன்று ஊரே தெருவில் நிற்க, நான் காலை இரண்டு தலையணைகளின்மேல் தூக்கிவைத்தபடி மேளச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் வாரம் முதலில் சென்ற பிசியோதெரபி மையம் பெரியது. குளிர்சாதன வசதி உண்டு. இருபது அமர்வுகளுக்கு 5,000 ரூபாய் என்று மொத்தமாக முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். அங்கே நடந்ததை நான்கு வரியில் சொல்லிவிடலாம். கட்டிலில் படுக்கவைத்து, முழங்காலைச் சுற்றி நான்கு பட்டைகளை ஒட்டி, மின்னோட்டக் கருவியைக் கால் மணி நேரம் ஓடவிடுவார்கள். பிறகு பசை தடவி அல்ட்ராசவுண்ட் கருவியைப் பத்து நிமிடம் தேய்ப்பார்கள். பிறகு யாராவது ஒரு பயிற்சி மாணவர் வந்து காலைப் பத்து முறை மடக்கி நீட்டிவிட்டுப் போவார். சுகமாக இருக்கும், பல நாள் தூங்கியே போயிருக்கிறேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஆறாம் வாரம் முடிகிறபோது வாக்கரை விட்டு நடக்கலாம் என்று அறுவை சிகிச்சை நிபுணர் அனுமதித்தார்; நடக்க முயன்றால் முழங்கால் நேராக நீளவில்லை, தொடை காலைத் தாங்கவில்லை. மீதமிருந்த ஆறு அமர்வுகளுக்கான பணத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்றார்கள். சக ஊழியர் ஒருவரின் தாயார் எலும்பு முறிவுக்குப் பின் சென்று குணமடைந்ததாகச் சொல்லி, இந்தச் சிறிய மையத்துக்கு என்னை அழைத்துச்சென்றார்.

தரைத்தளத்தில் ஒரே நீளமான அறை. உள்ளே நிலையாக மிதிக்கும் சைக்கிள் ஒன்று, மரத்தில் செய்த மூன்று படிக்கட்டு, சுவரில் மாட்டிய கம்பிகள், பல நிறங்களில் இழுவைப் பட்டைகள், மணல் நிரப்பிய எடைப் பட்டைகள், இரண்டு கட்டில்கள் இருந்தன. மையத்தை நடத்தும், ஏறத்தாழ முப்பது வயதுள்ள அந்தப் பிசியோதெரபி மருத்துவர் என் எம்.ஆர்.ஐ. அறிக்கையையும் அறுவை சிகிச்சைக் குறிப்பையும் வரிவரியாகப் படித்தார். மெனிஸ்கஸ் தைக்கப்பட்டிருக்கிறது என்ற வரியின்கீழ்ப் பென்சிலால் கோடிட்டார். அதன்பின் அவர் கேட்ட முதல் கேள்வி, வலி எப்படி இருக்கிறது என்பதன்று. "கடையில எப்படி உக்காருவீங்க, எப்படி எழுந்துப்பீங்க, நல்ல காலை வெச்சு செஞ்சு காட்டுங்க சார்" என்றார். காட்டினேன். முந்தி விரிக்கும்போது எந்த முழங்காலை ஊன்றுவீர்கள் என்று கேட்டார். 22 ஆண்டுகளில் அதனை நானே கவனித்ததில்லை. காற்றில் ஒரு சேலையை விரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வலது முழங்கால்தான்.

அவர் எனக்குப் போட்ட கணக்கு எளிமையானது. சமதரையில் நடக்க முழங்கால் அறுபது டிகிரி சொச்சம் மடங்கினால் போதும். படி ஏறி இறங்கவும் நாற்காலியிலிருந்து எழவும் 90, 100 டிகிரி வேண்டும். சம்மணமிடவும் குந்தி உட்காரவும் 130 டிகிரிக்கும் மேலே போக வேண்டும். அன்று என் கால் 70 டிகிரிதான் மடங்கியது. ஆனால் மடங்காததைப் பற்றி அவர் கவலைப்படவேயில்லை. நீட்டும்போது எட்டு டிகிரி குறைகிறதே, அதுதான் அவசரம் என்றார். முழுவதும் நீளாத முழங்காலோடு நிற்கிறவருக்குத் தொடைத் தசை ஒரு நிமிடமும் ஓய்வு பெறாது; நாளெல்லாம் நிற்க வேண்டிய கடை ஊழியர் மாலைக்குள் தளர்ந்துபோவார் என்று விளக்கினார். மடிப்பு தானாக வந்து சேரும், நீட்டம் விட்டுப்போனால் பிறகு பிடிப்பது கடினம் என்பது அவர் வாக்கு. எனவே முதல் பத்து நாள் பாடம், குதிகாலின்கீழ் சுருட்டிய துண்டை வைத்து முழங்காலைத் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் படுத்திருப்பதுதான். பார்த்தால் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். நான்காம் நிமிடத்தில் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கோணமானியை வைத்து அளந்து, என் கண்முன்னேயே நோட்டில் எழுதுவார்: எட்டு, ஆறு, ஐந்து, மறுபடி ஆறு, மூன்று. எட்டாம் வார இறுதியில் சுழி.

தொடை காலைத் தாங்காததற்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் புதிது. மூட்டுக்குள் வீக்கமும் நீரும் இருக்கும்வரை, தொடையின் முன்தசைக்கு இறுகும்படி வருகிற நரம்புக் கட்டளையை உடம்பே அடக்கிவிடுகிறதாம். தசை இளைத்தது மட்டுமன்று, அது விழித்திருக்கவும் இல்லை. அதற்காக இவரும் மின்னோட்டக் கருவியை எடுத்தார். பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. மறுபடியும் அதே தூக்கமா என்று நினைத்தேன். ஆனால் இவர் பட்டைகளை முழங்காலைச் சுற்றி ஒட்டாமல் தொடைத் தசையின்மேல் ஒட்டி, மின்னோட்டம் வரும் ஒவ்வொரு முறையும் நானும் என் முயற்சியால் தொடையை இறுக்கி, முழங்காலின் பின்புறத்தைக் கட்டிலோடு அழுத்த வேண்டும் என்றார். பத்து நொடி இறுக்கம், அதன்பின் ஓய்வு. இப்படிப் பதினைந்து முறை. வியர்த்துக் கொட்டியது. ஒன்றில் தூங்கினேன், ஒன்றில் உழைத்தேன் என்பதைத் தவிர இரண்டு மையங்களின் கருவிகளுக்கு இடையே வெளியில் தெரியும் வேறுபாடு இல்லை. மூன்று வாரத்தில் கருவியை எடுத்துவிட்டார். அதன்பின் எல்லாம் என் பாடுதான்: எடைப் பட்டை கட்டிக் காலை நேராகத் தூக்குதல், சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி இறங்கி நிற்றல், மரப்படியில் ஏறிப் பக்கவாட்டில் இறங்குதல், ஒற்றைக் காலில் நின்று பந்து பிடித்தல், சைக்கிள். தொடையின் சுற்றளவைக் கடை டேப்பை எடுத்துவந்து நானே அளந்துகொள்வேன். தொடங்கியபோது இடது தொடையைவிட வலது 4 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது; கடைக்குத் திரும்பியபோது ஒன்றரை.

பத்தாம் வார வாக்கில் எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல் வந்தது. வலி ஏறத்தாழ நின்றுவிட்டது, நடை சீராகிவிட்டது, எனக்குத் துணிவும் வந்துவிட்டது. வீட்டில் மெத்தை போட்டுச் சம்மணமிட முயன்றேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. பொருத்திய இழை எடுத்துவைத்தவுடன் உறுதியாகவே இருக்கும். அதன்பின் உடம்பு அதற்குள் புதிய இரத்தக் குழாய்களைச் செலுத்தித் தன் சொந்தத் தசைநாராக மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றம் நடக்கிற இடைக்காலத்தில், அதாவது ஏறத்தாழ ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை, இழையின் வலு குறைந்துதான் இருக்கும். வலி குறைவதும் அதே காலத்தில்தான். ஆகவே வலி இல்லை என்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சற்றுக் கடுமையாகவே சொன்னார். அதோடு, எடை தாங்கியபடி ஆழமாக மடக்குவது தைத்த மெனிஸ்கஸின் பின்பகுதியை நசுக்கும். அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகும்முன் அதற்கு வழியே இல்லை என்றார். நெசவு தெரிந்த ஊர்க்காரன் என்ற முறையில் இழை என்றால் எனக்குப் புரிந்தது. பாவில் அறுந்த இழையை முடிச்சிட்டவுடன் தறியை வேகமாக அடிக்கிற நெசவாளரை நானும் திட்டியிருப்பேன்.

இந்த மையத்துக்கு நான் தருகிற மதிப்பெண்ணில் பெரும்பகுதி பதினோராம் வாரத்து ஒரு காலைக்கு உரியது. "வீட்ல இருந்து ஒரு பழைய பட்டுப்புடவை எடுத்துட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார். என் மனைவியின் அரக்குச் சேலை ஒன்றைக் கொண்டுபோனேன். கட்டிலை மெத்தையாக வைத்துக்கொண்டு, வாடிக்கையாளருக்குக் காட்டுவதுபோல விரிக்கச் சொன்னார். நின்றபடி விரித்தேன். அவர் கைப்பேசியில் அதனைப் படமெடுத்து, மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். முந்தியை வீசும் கணத்தில் வலது பாதம் தரையில் ஒட்டியபடி நிற்க, இடுப்பும் தோளும் இடப்பக்கம் திரும்புகின்றன. நடுவில் அகப்பட்ட முழங்கால் முறுக்கிக்கொண்டு உள்நோக்கிச் சாய்கிறது. மணலில் சறுக்கியபோது நடந்ததன் சிறிய வடிவம் அது. ஒரு நாளைக்கு நூறு முறை அதனைச் செய்து வந்திருக்கிறேன். அன்றிலிருந்து மூன்று வாரம் எனக்கு நடந்த பாடம் புடவை விரிப்பதுதான்: வீசும் திசையில் முதலில் பாதத்தை எடுத்துவைத்து, இடுப்போடு சேர்ந்து திரும்பி, கடைசியில்தான் கையை வீச வேண்டும். நடனம் கற்பது போலிருந்தது. அந்த அரக்குச் சேலையின் மடிப்பு கலைந்து இஸ்திரி போட வேண்டியதாயிற்று. அதற்கான வசவு எனக்குக் கிடைத்தது, அவருக்கு அன்று.

இதற்கிடையே பணக் கணக்கு என்னை நெருக்கிக்கொண்டிருந்தது. என் சம்பளம், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.-யின் வரம்பான மாதம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் அறுவை சிகிச்சைக்குச் செலவில்லாமல் போயிற்று. நோய்க்காலப் பயன் என்று சம்பளத்தில் 70 விழுக்காடும் கிடைத்தது. ஆனால் அது ஓர் ஆண்டில் 91 நாள் வரைக்கும்தான். விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணினால் ஆடி பிறந்த சில நாளிலேயே 91 முடிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து அப்போது பத்து வாரம்தான். கடைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விழுந்திருந்தால் அது பணி விபத்தாகக் கருதப்பட்டு, வேலைக்குத் திரும்பும்வரை 90 விழுக்காடு கிடைத்திருக்கும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். விழுவதற்கும் நாள் பார்க்க வேண்டும் போலும். இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பிசியோதெரபியும் இலவசம்தான். வாக்கரோடு வாரம் மூன்று முறை சென்னைக்குப் பேருந்தில் போய்வர என்னால் முடியவில்லை.

ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் திரும்பிவிடு என்று முதலாளி இரண்டு முறை ஆளனுப்பினார். மருத்துவரிடம் சொன்னேன். திரும்பலாம், ஆனால் மெத்தைக்கு அன்று என்றார். வெள்ளைத் தாளில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பொதுவாக மருத்துவச் சான்று என்றால் "இலகுவான வேலை தரவும்" என்ற ஒரு வரிதான் இருக்கும். கடைக்காரருக்கு அதனால் ஒன்றும் விளங்காது. இவர் கடிதத்தில் இருந்தவை: ஆறாம் மாதம் முடியும்வரை தரையில் உட்காரக் கூடாது, முழங்காலை ஊன்றக் கூடாது, உட்காரும் இடம் முழங்கால் உயரத்துக்குக் குறையக் கூடாது, தொடர்ந்து 45 நிமிடத்துக்கு மேல் நிற்காமல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும், ஏணி ஏறக் கூடாது, முதல் இரண்டு வாரம் அரை நாள் வேலை. முதலாளி அதனை இரண்டு முறை படித்தார். "கல்யாண செக்‌ஷன்ல ஸ்டூல் போட்டு உக்காந்தா பாக்க நல்லாவா இருக்கும்பா?" என்றார். உட்காருவதற்கு இடம் தருவது சட்டப்படியே உள்ளதுதான் என்று தயங்கியபடி சொன்னேன். அது உண்மைதான்: கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்று 2018-இல் சட்டமான உரிமையை, தமிழ்நாடும் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து வழங்கியிருக்கிறது. ஆனால் எங்கள் முதலாளியை நகர்த்தியது சட்டமன்று. அந்தக் கடிதத்தில் உயரம் அங்குலக் கணக்கில் எழுதியிருந்தது. தச்சரை அழைத்துச் சொல்வதற்கு அது போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் கவுண்டருக்குப் பின்னால் ஒரு மர ஸ்டூல் வந்துவிட்டது.

ஆவணி முதல் வாரத்தில் கடைக்குச் சென்றேன். அன்று இரவு முழங்கால் பூரிபோல் உப்பிவிட்டது. பயந்துபோய்த் தொலைபேசியில் அழைத்தேன். அவர் பதறவில்லை. கிண்ண எலும்பின் நடுவில் டேப்பைச் சுற்றிக் காலையிலும் இரவிலும் அளந்து எழுதச் சொன்னார். இரவு வீங்கி, காலையில் பழைய அளவுக்கு வந்துவிட்டால் அன்று அதே அளவு வேலை செய்யலாம். காலையிலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக நின்றால் அன்று நிற்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். வலிக்கிறதா இல்லையா என்று மனத்தைக் கேட்டுக் குழம்புவதைவிட டேப்பைக் கேட்பது எளிது. முதல் வாரம் மூன்று நாள் பாதியாக்க நேர்ந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும் நேரவில்லை. ஐப்பசி முகூர்த்தக் கூட்டத்தில் காலை பத்து மணி முதல் இரவு எட்டரை வரை நின்றும் உட்கார்ந்தும் தாக்குப்பிடித்தேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். காத்திருக்கும் இடத்தில் இருந்த நாற்காலிகள் தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலிகள். முழங்கால் மடங்காதவர் அவற்றில் உட்கார்ந்தால் எழ இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைப் படத்துடன் அச்சிட்டுத் தருகிறார். ஆனால் விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில். எனக்கு மகள் படித்துச் சொன்னாள். எனக்குப் பின் வந்த நெசவாளர் ஒருவர் படத்தை மட்டும் பார்த்து இடது காலுக்குப் பதில் வலது காலுக்குச் செய்துகொண்டிருந்தார். மாலை ஏழு மணிக்கு மேல் திறந்திருப்பதில்லை. வேலைக்குத் திரும்பிய பிறகு எனக்கு அதுவே பெரிய இடையூறாகி, காலை ஆறரை மணிக்குச் சென்றுவந்தேன். அவருக்கு உடல்நலம் சரியில்லை என்றால் மையமே மூடிவிடும். என் எட்டு வாரத்தில் நான்கு நாள் அப்படிப் போயிற்று. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, முழங்கால் நோயாளிகள் வருகிற அந்த இடத்தில் குந்தி உட்காரும் கழிப்பறை மட்டுமே இருந்தது. 130 டிகிரி என்று எனக்குக் கணக்குச் சொன்னவர்தான் அவர்.

கட்டணம் ஓர் அமர்வுக்கு 400 ரூபாய். வாரம் மூன்று வீதம் எட்டு வாரத்துக்கு 24 அமர்வு வர வேண்டியது, விடுபட்டவை போக 20 நடந்து 8,000 ரூபாய் ஆயிற்று. முன்பணம் வாங்குவதில்லை, வந்த நாளுக்கு மட்டும் கொடுத்தால் போதும். முதல் மையத்தின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அமர்வுக்கு 150 ரூபாய் கூடுதல்தான். அங்கே மருத்துவர் என்னோடு செலவிட்டது ஐந்து நிமிடம், இங்கே 45 நிமிடம். படுத்துக்கொண்டு சுகமாகச் சிகிச்சை பெற விரும்புகிறவருக்கு இந்த இடம் ஒத்துவராது. முதல் வாரமே மனக்கசப்போடு போய்விட்ட இருவரை நானே பார்த்தேன். விளையாட்டு வீரர்களுக்கு இந்த இடம் போதுமா என்றும் சொல்லத் தெரியாது; ஓடிப் பார்க்கவோ தாவிப் பார்க்கவோ அந்த அறையில் இடமில்லை. நின்று, குனிந்து, எழுந்து பிழைக்கிறவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். போகிறவர்கள் அறுவை சிகிச்சைக் குறிப்பையும், முடிந்தால் தாம் வேலை செய்யும் இடத்தின் புகைப்படம் ஒன்றையும் கொண்டுபோவது நல்லது. நான் கொண்டுபோகாததால் மெத்தையின் உயரத்தைக் கையால் காட்ட வேண்டியிருந்தது.

ஏழாம் மாதத்தில் சம்மணமிட அனுமதி கிடைத்தது. பத்து நிமிடம் மட்டும், பின்புறம் ஒரு திண்டை உயர்த்திப் போட்டுக்கொண்டு. மெத்தையில் என் இடத்தில் இப்போது இளைஞன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். நான் பெரும்பாலும் கவுண்டரில்தான். ஸ்டூல் எனக்கு மட்டும் உரியதாக இல்லை. நான் எழுந்த மறுகணம் மூத்த விற்பனைப் பெண்களில் ஒருவர் அதில் உட்கார்ந்துவிடுகிறார். முதலாளி பார்த்தும் பாராததுபோலக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறார்.

சென்ற மாதம் பரிசோதனைக்காக மையத்துக்குப் போயிருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகள் போய்ச் சற்று உயரமான, கைப்பிடி வைத்த மர நாற்காலிகள் வந்திருந்தன. பயிற்சித் தாளின் ஒரு பக்கம் தமிழில் இருந்தது; மொழிபெயர்த்தது என் மகள். கழிப்பறை மட்டும் அப்படியே இருக்கிறது. கட்டட உரிமையாளர் சம்மதிக்கவில்லையாம். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைத்த ஒன்று அந்தக் கழிப்பறைக்காக.